சுருள்வில் எப்படி ஆடுகிறது? ஒரு திருத்தமும் ஒரு பாடமும்

நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் நான் கணக்கும் பௌதிகமும் சொல்லிக்கொடுத்து வருவது உங்களில் பலருக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் அந்த வகுப்பில் ஒரு கேள்விக்குத் தவறான விடை சொல்லிவிட்டேன். கேட்டவன் ஒருவன்தான், ஆனால் சுற்றி உட்கார்ந்து கேட்டவர்கள் பதினைந்து பேர். தவறைப் பலர் முன்னால் சொன்னவன் திருத்தத்தையும் பலர் முன்னால்தான் சொல்ல வேண்டும். அதற்காக ஆசிரியரிடம் கேட்டு இந்தப் பக்கங்களை வாங்கிக்கொண்டேன்.

கேட்டவன் தாராவியிலிருந்து வரும் ஒரு தம்பி. அவனுடைய அப்பா தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். பையன் பி.எஸ்ஸி. பௌதிகம் இரண்டாம் ஆண்டு. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல எனக்கு உதவியாக வருகிறான். அன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு சுருள்வில்லைக் கொக்கியில் மாட்டி, ஒரு கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டு ஆட்டிக் காட்டினேன். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெட்டிகளின் அடியில் இருக்கும் ஸ்பிரிங்குகளோடு என் வாழ்நாளில் பாதியைக் கழித்தவன் நான். பாரம் ஏற்றி, எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து, ஏ, பி, சி என்று பிரித்து, ஒரே வகையை ஒரே வண்டிச் சட்டத்தில் போடுவோம். ஆகவே ஸ்பிரிங் பாடம் என்றால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அவன் கேட்டான்: “சார், குவாண்டம் புத்தகத்துல இதே ஸ்பிரிங்குக்குக் கணக்கு போட்டிருக்கு. ஒவ்வொரு எனர்ஜி லெவல்லயும் எடை எங்கெங்க இருக்கலாம்னு படம் போட்டா, அந்தப் படம் அப்படியே நிக்குது. நேரம் போனாலும் மாறவே இல்ல. அப்ப இந்தக் கல்லு எப்படி சார் ஆடுது?”

நான் யோசிக்காமல் சொன்னேன்: “அது அணுவுக்குத் தம்பி. லெவல் நம்பர் பெரிசாகப் பெரிசாக அதுவே சாதாரண ஸ்பிரிங் மாதிரி ஆட ஆரம்பிச்சிடும்.”

“சரி சார்” என்றான். அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தச் “சரி சார்” எனக்குத் தெரிந்த ஒன்றுதான். டிப்ளமா முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், விடை தெரியாத மேலதிகாரிகளிடம் நானும் அதையே சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறேன். மூன்றாவது ஞாயிறு வீட்டுக்கு வந்ததும், கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில் எப்போதோ வாங்கிய பழைய புத்தகங்களை இறக்கி, ஒரு நோட்டில் கணக்கைப் போட ஆரம்பித்தேன். சில வாரங்கள் ஆயின. என் விடை தவறு என்று தெரிந்தது. சரியான விடைக்குப் போகும் வழி லக்ராஞ்சியன் என்ற பழைய சரக்கின் வழியாகவே இருந்ததால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

நியூட்டன் வழியில் ஒவ்வொரு கணத்திலும் என்ன விசை, அதனால் அடுத்த கணம் பொருள் எங்கே போகும் என்று கேட்கிறோம். 1736-இல் டூரின் நகரில் பிறந்த லக்ராஞ்ச் வேறு மாதிரி பார்த்தார். 1788-இல் வெளிவந்த அவருடைய இயக்கவியல் நூலில் ஒரு படம்கூடக் கிடையாது. அதை அவரே முன்னுரையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்தால் வருவதே இன்று லக்ராஞ்சியன் எனப்படுகிறது. கூட்டுவதில்லை, கழிக்கிறோம், பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். பயணம் தொடங்கி முடியும்வரை ஒவ்வொரு கணத்தின் லக்ராஞ்சியனையும் நேரத்தோடு பெருக்கிக் கூட்டிக்கொண்டே வந்தால் கிடைக்கும் மொத்தத்துக்கு ஆக்‌ஷன் என்று பெயர். கிளம்பும் இடமும் நேரமும், சேரும் இடமும் நேரமும் தெரிந்தால், நடுவில் பொருள் எடுக்கும் பாதை இந்த மொத்தத்தை மிகக் குறைவாக்கும் பாதையாக இருக்கும். (எப்போதும் மிகக் குறைவு என்றில்லை. பாதையைச் சற்றே மாற்றினால் மொத்தம் மாறாமல் நிற்கும் இடம் என்பதே துல்லியம்.)

கணக்குப் போட்டால்தான் இது மனதில் நிற்கும். ஒரு கிலோ பந்தை மேலே எறிகிறோம்; சரியாக 2 விநாடியில் கைக்குத் திரும்புகிறது. புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள்வோம். பந்து எவ்வளவு உயரம் போயிருக்கும்? 5 மீட்டர் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். இப்போது 4 மீட்டர் மட்டும் போய்த் திரும்பிய ஒரு கற்பனைப் பாதையையும், 6 மீட்டர் போய்த் திரும்பிய இன்னொன்றையும் எடுங்கள். மூன்றுக்கும் ஒரே வகை வளைவு, ஒரே 2 விநாடி. ஆக்‌ஷனைக் கணக்கிட்டால் 4 மீட்டருக்கு மைனஸ் 32 ஜூல்-விநாடி. 6 மீட்டருக்கும் மைனஸ் 32. 5 மீட்டருக்கு மைனஸ் 33.3. உண்மைப் பாதைதான் அடியில் இருக்கிறது. இதை முதன்முதலில் கையால் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. எல்லாப் பாதைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பந்துக்கு அறிவு ஏது? மாட்டுங்காவிலிருந்து செம்பூர் போக நமக்கு இரண்டு வழி. சென்ட்ரல் லைனில் குர்லா போய் ஹார்பர் வண்டி மாறலாம். அல்லது கிங்ஸ் சர்க்கிளில் ஏறி வடாலாவில் மாறலாம். நாம் கடிகாரத்தையும் கூட்டத்தையும் பார்த்து முடிவு செய்கிறோம். பந்து எதைப் பார்க்கிறது?

இதற்கு விடையின் வித்தை இட்டவர் டிராக். ‘குவாண்டம் இயக்கவியலில் லக்ராஞ்சியன்’ என்ற பொருளில் 1933-இல் அவர் எழுதிய சிறு கட்டுரையை வெகு சிலரே கவனித்தார்கள். அதைப் பிடித்து முழு முறையாக வளர்த்து 1948-இல் வெளியிட்டவர் ஃபைன்மன். அவர்கள் சொல்வது இது: பொருள் எந்த ஒரு பாதையையும் தேர்ந்தெடுப்பதில்லை. எல்லாப் பாதைகளும் கணக்கில் சேர்கின்றன. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு கடிகார முள் இருப்பதாக நினையுங்கள். அந்தப் பாதையின் ஆக்‌ஷனைப் பிளாங்க் மாறிலியால் வகுத்தால் வரும் எண்ணிக்கை அளவுக்கு முள் சுற்றும். கடைசியில் எல்லா முட்களையும் வரிசையாக ஒன்றின் நுனியில் ஒன்றை வைத்துக் கூட்டுகிறோம். நம் பந்தின் 5 மீட்டர் பாதைக்கும் 6 மீட்டர் பாதைக்கும் ஆக்‌ஷன் வித்தியாசம் 1.3 ஜூல்-விநாடிதான், ஆனால் பிளாங்க் மாறிலி மிக மிகச் சிறியது என்பதால் முட்களின் வித்தியாசம் 2-க்குப் பின் 33 சைபர் போட்ட அளவு சுற்றுகள். ஆகவே உண்மைப் பாதையை விட்டு விலகிய இடத்தில் பக்கத்துப் பக்கத்துப் பாதைகளின் முட்கள் கன்னாபின்னாவென்று வேறு வேறு திசை காட்டி ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஆக்‌ஷன் மாறாமல் நிற்கும் பாதையைச் சுற்றி மட்டும் எல்லாம் ஒரே திசை காட்டிச் சேர்கின்றன. பந்துக்கு அறிவு தேவையில்லை.

அந்த டிராக் நம் பம்பாய்க்கே வந்திருக்கிறார். 1954-55-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் குவாண்டம் இயக்கவியல் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். நிறுவனம் அப்போது கொலாபாவின் இன்றைய வளாகத்துக்குப் போகவில்லை. கேட்வே ஆஃப் இந்தியா அருகே பழைய யாட் கிளப் கட்டடத்தில் இருந்தது. அந்தச் சொற்பொழிவுகளைக் குறிப்பெடுத்து நூலாக்கியவர்கள் இருவர்: கே. கே. குப்தா, ஜார்ஜ் சுதர்சன். சுதர்சனுக்கு அப்போது வயது இருபத்து மூன்று. கோட்டயம் அருகே பள்ளம் என்ற ஊரில் 1931-இல் பிறந்து, தாம்பரம் கிறிஸ்துவக் கல்லூரியில் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முடித்து பம்பாய் வந்தவர். அவரிடம் பிறகு வருகிறேன்.

இப்போது தம்பியின் கேள்வி. குவாண்டம் ஸ்பிரிங்கின் ஆற்றல் நினைத்த அளவில் இருக்காது. ஏணிப் படிகள்போல இருக்கும். இந்த ஏணியின் விசேஷம், படிகளுக்கு இடையே உள்ள உயரம் எல்லாம் சமம். ஒரே ஒரு படியில் இருக்கும் ஸ்பிரிங்கின் அலை முழுவதும் ஒரே வேகத்தில் முள்ளைச் சுற்றுகிறது. அந்தச் சுற்றல் வெளியே தெரியாது. எடை எங்கே இருக்கும் என்ற வாய்ப்புப் படம் அசையாமல் நிற்கும். முதல் படியிலும் அப்படித்தான். கோடியாவது படியிலும் அப்படித்தான். இடம் மாறாது; மேலே இருக்க எவ்வளவு வாய்ப்போ கீழே இருக்கவும் அவ்வளவே வாய்ப்பு; சராசரி எப்போதும் நடுவில்.

பெரிய படி எண்ணில் என்னதான் நடக்கிறது? ஆடும் கல்லைக் கேமராவின் கண்ணைத் திறந்து வைத்தபடி நெடுநேரம் படம் எடுத்தால், இரு ஓரங்களில் அடர்ந்தும் நடுவில் மங்கியும் ஒரு பட்டை விழும் அல்லவா? படி எண் பெரிதாகும்போது குவாண்டம் படம் (அதன் நுண்ணிய சிற்றலைகளைச் சராசரி செய்தால்) அந்தப் பட்டை மாதிரி ஆகிறது. ஆட்டத்தின் புகைப்படம்போல ஆகிறதே தவிர, ஆட்டம் ஆகாது. நான் புகைப்படத்தை ஆட்டம் என்று சொல்லிவிட்டேன். இதே தவறு அச்சிட்ட பாடப்புத்தகங்களிலும் தலைகாட்டுவது உண்டு. அது எனக்குச் சமாதானம் ஆகாது.

ஆட வேண்டுமென்றால் பல படிகள் கலக்க வேண்டும். ஒவ்வொரு படியின் முள்ளும் வேறு வேகத்தில் சுற்றுவதால் கூட்டிய அலை நகரத் தொடங்கும். எந்த விகிதத்தில் கலப்பது? 1926-இல் ஷ்ரோடிங்கர் தம் அலைச் சமன்பாட்டை வெளியிட்டதும் முதியவரான லோரன்ஸ் ஒரு கடிதம் எழுதினார்: அலைகளைக் குவித்துத் துகள்போல ஆக்கினால் அந்தக் குவியல் சீக்கிரம் பரவிச் சிதறிவிடுமே, அதை எப்படித் துகள் என்பது? பொதுவாக அந்த ஆட்சேபம் சரிதான். ஆனால் ஸ்பிரிங்குக்கு மட்டும் பரவாத ஒரு குவியலை ஷ்ரோடிங்கர் அதே ஆண்டு கண்டுபிடித்துக் காட்டினார். படிகள் எல்லாம் சம உயரம் என்பதால், ஒரு சுற்று முடிந்ததும் எல்லா முட்களும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. சரியான விகிதத்தில் கலந்தால் நடுவழியிலும் குவியல் அகலமாகாது. அடிப்படியில் இருக்கும் குவியலை அப்படியே தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டதுபோல் அது இருக்கும். நம் எடைக்கல் மாதிரியே மேலும் கீழும் போய்வரும். இதற்குத்தான் பின்னாளில் கோஹிரண்ட் ஸ்டேட் என்று பெயர் வந்தது. பள்ளிப் புத்தகத்தில் ஓரியல் ஒளி என்று படிப்பதை நினைவில் வைத்து ஓரியல் நிலை என்று சொல்கிறேன்.

விகிதத்தின் ஒழுங்கு இது: சராசரிப் படி எண் 100 என்றால், அதன் வர்க்கமூலமான 10 அளவுக்கு இருபுறமும் பரவல் இருக்கும். வகுப்பில் ஆட்டிய கல்லையே எடுங்கள். ஒரு கிலோ, விநாடிக்கு ஒரு ஆட்டம், நடுவிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வீச்சு. ஆற்றல் சுமார் 0.002 ஜூல். அதன் சராசரிப் படி எண் ஏறக்குறைய 3-க்குப் பின் 30 சைபர். பரவல் 15 சைபர் கொண்ட எண். தனியே பார்த்தால் மலை, சராசரியோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை. குவியலின் அகலம்? ஒரு புரோட்டானின் ஆரத்தில் சுமார் முந்நூறில் ஒரு பங்கு. ஒர்க்‌ஷாப்பில் நான் பிடித்த எந்த வெர்னியரும் இதைக் காட்டாது. கண்ணுக்குக் கல் ஒரே இடத்தில் இருப்பதுபோலத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

இங்கேதான் லக்ராஞ்சியன் திரும்பி வருகிறது. குவாண்டம் விதிக்கும் ஒரு லக்ராஞ்சியன் உண்டு. அதில் வழக்கமாக முழு அலையையும் போட வேண்டும். அலைக்குப் பதிலாக ஓரியல் நிலையை மட்டும் போடுங்கள். அதை அடையாளம் சொல்ல இரண்டே எண் போதும்: குவியலின் நடு எங்கே, அதன் உந்தம் எவ்வளவு. கணக்கை முடித்தால், ஒரு மாறாத எண்ணைத் தவிர, மிச்சம் நிற்பது லக்ராஞ்ச் காலத்து ஸ்பிரிங்கின் அதே லக்ராஞ்சியன். அந்த மாறாத எண் இயக்கத்தைத் தொடாது. சமன்பாட்டிலிருந்து பிளாங்க் மாறிலி தானாகவே வெளியேறிவிடுகிறது! ஓரியல் நிலைகளை வைத்து ஃபைன்மனின் பாதைக் கூட்டலையே எழுதலாம் என்று 1960-இலிருந்து வழிகாட்டியவர் ஜான் கிளாடர். ஸ்பிரிங்குக்கு இது துல்லியம்; மற்ற விசைகளுக்கு ஏறக்குறையத்தான்.

ஒரு கேள்வி மீதி இருக்கிறது. எத்தனையோ கலவைகள் சாத்தியமாக இருக்க, நம் கல் ஏன் இந்தக் கலவையில் இருக்கிறது? இதற்கு ரயில் பெட்டியில் வேலை செய்தவனுக்குப் பிடித்த விடை உண்டு. ஐ.சி.எஃப். பெட்டியின் அச்சுப்பெட்டி மேலே ஸ்பிரிங்கோடு எண்ணெய் நிரப்பிய டேஷ்பாட் இருக்கும். ஆட்டத்தைத் தணிப்பது அதன் வேலை. எந்த ஸ்பிரிங்குக்கும் இயற்கை வைத்த டேஷ்பாட் சுற்றியுள்ள காற்றும் வெப்பமும்தான். மற்ற கலவைகள் அந்த உராய்வில் வெகு வேகமாகக் கெட்டுக் குழம்பிவிடுகின்றன. ஓரியல் நிலை மட்டும் கெடுவதில்லை. வீச்சு குறையும், ஆனால் அது குறைந்த வீச்சுள்ள இன்னொரு ஓரியல் நிலையாகவே இருக்கும். ஆகவே உலகத்தோடு உரசிய பிறகும் மிஞ்சி நிற்பது அதுவே. சூரெக், ஹபீப், பாஸ் ஆகிய மூவரும் 1993-இல் இதைக் கணக்காகவே காட்டினார்கள்.

சுதர்சனுக்கு வருவோம். பம்பாயிலிருந்து அமெரிக்காவின் ராச்செஸ்டர் போனார். அங்கே மார்ஷக்கோடு சேர்ந்து, அணுக்கருவின் பீட்டாச் சிதைவுக்குக் காரணமான மெல்விசையின் லக்ராஞ்சியன் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதை 1957-இல் நிறுவினார். அது ஒரு தனிக் கட்டுரைக்கு உரியது. நமக்கு வேண்டியது 1963. ஒளியின் ஒவ்வொரு அதிர்வெண்ணும் கணக்கில் ஒரு ஸ்பிரிங்தான். அதன் ஏணிப் படி எண்தான் ஃபோட்டான்களின் எண்ணிக்கை. சாதாரண விளக்கின் ஒளியில் ஃபோட்டான்கள் கூட்டம் கூட்டமாக வர விரும்புகின்றன என்பதை ஹான்பரி பிரவுன், டுவிஸ் இருவரும் 1956-இல் காட்டியிருந்தார்கள். லேசர் ஒளியிலோ அவை மழைத்துளிபோல ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வருகின்றன. நல்ல லேசரின் ஒளி ஓரியல் நிலைக்கு மிக அருகில் உள்ளது. 1963-இல் ராய் கிளாபர் இந்த நிலைகளை ஒளிக்குப் பொருத்தி, கோஹிரண்ட் என்ற பெயரோடு முன்வைத்தார். அதே ஆண்டு சுதர்சன் ஒரு சிறு கட்டுரையில், எந்த ஒளியாக இருந்தாலும் அதை ஓரியல் நிலைகளின் எடைபோட்ட கலவையாக எழுத முடியும் என்று நிரூபித்தார். எடைகள் எல்லாம் சாதாரணமான நேர் எண்ணாக வந்தால் அந்த ஒளியைப் பழைய அலைக்கணக்கே விளக்கிவிடும். எடை எதிர்க்குறியிலோ அதைவிட முரட்டு வடிவிலோ வந்தால் அது குவாண்டம் மட்டுமே விளக்கும் ஒளி. எதிர்க்குறி வாய்ப்பு என்று ஒன்று கிடையாதே என்பீர்கள், அதுதான் அடையாளமே.

2005-ஆம் ஆண்டு நோபல் பரிசில் பாதி கிளாபருக்கும், மறுபாதி ஹால், ஹென்ஷ் இருவருக்கும் போயிற்று. சுதர்சன் பரிசுக் குழுவுக்கு எழுதித் தம் ஆட்சேபத்தைத் தெரிவித்தார். பல விஞ்ஞானிகளும் குரல் கொடுத்தார்கள். கிளாபர் தகுதியானவர்தான். ஆனால் இருவர் பெயரையும் சேர்த்தே உலகம் சொல்லும் ஒரு தேற்றத்துக்கு ஒருவரை மட்டும் மேடையேற்றியது எனக்கு ஒப்பவில்லை. நம்மவர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. பரிசு கைநழுவிய கதையை எல்லோரும் சொல்கிறோம், தேற்றம் என்ன என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. சுதர்சன் 1980-களில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். 2010-இல் டிராக் பெயரிலான பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 2018-இல் டெக்சாஸில் காலமானார். குறிப்பெடுத்த பையனுக்கு ஆசிரியர் பெயரில் பதக்கம்.

இதெல்லாம் காகிதத்தோடு நிற்கவில்லை. ஈர்ப்பலையைப் பிடிக்கும் அமெரிக்க லைகோ கருவியில் 40 கிலோ கண்ணாடிகள் ஊசல்போலத் தொங்குகின்றன. அவற்றின் அசைவை லேசர் அளக்கிறது. ஓரியல் ஒளியின் அந்த வர்க்கமூலப் பரவல்தான் அளவைக்கு ஒரு தடை. அதைத் தாண்ட, 2019-இலிருந்து ஓரியல் நிலையைவிட ஒரு பக்கம் அமுக்கிய குவாண்டம் ஒளியைச் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். சுதர்சனின் எடை சாதாரணமாக வராத ஒளி அது. இந்தியாவின் லைகோ நம் மகாராஷ்டிரத்தில், ஹிங்கோலி மாவட்டத்தில்தான் வரவிருக்கிறது. 2023-இல் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைத் தம்பியிடம் படிக்கக் கொடுத்தேன். முதலில், “அன்னைக்கு நீங்க சொன்னது தப்புன்னு எனக்கும் தோணுச்சு சார், எப்படிச் சொல்றதுன்னு தெரியல” என்றான். பிறகு ஒரு நிமிடம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சார், ஊஞ்சலை ரொம்ப வீசி ஆட்டினா படியெல்லாம் சம உயரமா இருக்காதே. அப்ப குவியல் என்ன ஆகும்?” என்று கேட்டான்.

பரவும் என்று மட்டும் எனக்குத் தெரியும். எவ்வளவு வேகத்தில் என்று தெரியாது என்றேன். இரண்டு ஞாயிறாகச் சேர்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். கரும்பலகை போதவில்லை, யாரிடமாவது பழைய பலகை இருந்தால் வகுப்புக்குக் கொடுத்து உதவவும்.